எங்க ஊர் எரிகோ

தம்பி, அந்தப் பையைச் செத்த மடியில வச்சுக்கிட்டா நானும் உக்காந்துக்கிடுவேன். ஆங், போதும் போதும், எனக்கு இந்த ஓரம் போதும். தூத்துக்குடிதானே போறிய? நானும் அங்கதான், மகள் வீட்டுக்கு. ஒரு வாரம் இருந்துட்டுப் போங்கன்னு மருமகன் சொல்லியிருக்காரு. காலுக்குக் கீழ இடிக்குதா? அது நம்ம மடக்குக் கட்டில்தான். மேல ஏத்த முடியாதுன்னுட்டான் கண்டக்டர். ஒரு வாரத்துக்கு எதுக்குக் கட்டில்னு கேக்கியளா? ஒரு வாரம்னாலும் இடுப்பு இடுப்புதானே.

என் பேரு வேதமுத்து. சாலேம்புரம் மிஷன் பள்ளிக்கூடத்துல டிரில் சாரா இருந்தேன். ரிட்டயர் ஆகி ரொம்ப நாளாச்சு, ஆனா இன்னைக்கும் ஊர்ல வந்து டிரில் சார் எங்கன்னு கேளுங்க, சின்னப் பிள்ளை கூட... இல்ல, இப்பக் கேக்காதிய. இப்பக் கேட்டா சிரிப்பாவ.

மொகம் ஏன் இப்படிக் கிடக்குன்னு நினைக்கிய, என்ன? கிடக்காதா பின்ன. ஒரு மனுசன் கோயில் சொத்தைக் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுக் காவல் காத்தா, அவனுக்கு ஊர் என்ன செய்யணும்? ஒரு சால்வை போத்தணும். ஒரு ஜெபக்கூட்டத்துலயாவது நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லணும். எனக்கு என்ன செஞ்சாவ தெரியுமா? சொல்லுதேன். தூத்துக்குடி வர இன்னும் நேரம் கிடக்கு.

எங்க ஊர்ல அம்மா பங்களான்னு ஒண்ணு. அந்தக் காலத்துல ஒரு வெள்ளைக்கார மிஷனெரி அம்மா கட்டினது. கிணறு, புளி, தென்னை, சுத்தி ஆளுயர மதில். அந்த அம்மா சீமைக்குத் திரும்பும்போது, வயசான பைபிள் அம்மாமார் கடைசிக் காலத்துல இருக்கிறதுக்குன்னு விட்டுட்டுப் போனாவ. பைபிள் அம்மாமார்னா, வீடு வீடாப் போயி பொம்பளையளுக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக் கொடுக்கிறவிய. கல்யாணம் கிடையாது, பிள்ளை குட்டி கிடையாது, வெயில்ல நடந்து நடந்தே வயசாகிப் போனவிய. ஏழெட்டுப் பேர் அங்க இருந்தாவ.

ஒரு ஐப்பசி மழையில ஓடு ஒழுகிச்சு. அப்ப இருந்த ஐயர், எங்க பக்கம் பாஸ்டரை ஐயர்னுதான் சொல்லுவோம், நீங்க வேற மாதிரி நினைச்சுக்கிடாதிய, அவிய என்ன சொன்னாவன்னா, ஓடு மாத்துற வரைக்கும் அம்மாமாரைச் சொந்தக்காரங்க வீட்டுல விட்டுட்டு, பங்களாவுக்குக் காவலா யாராவது இருக்கணும்னாவ. ஒருத்தனும் முன்வரல. நான் முன்வந்தேன். பெஞ்சாதி, பிள்ளை, ஆட்டுரல், அம்மி, பீரோ எல்லாத்தோடயும் முன்வந்தேன். ஒழுகுற வீட்டுக்கு யாராவது குடி போவானா தம்பி? நான் போனேன். காலி இடம்னா எவனாவது வந்து உக்காந்துக்கிடுவான் பாருங்க. அதுக்காகத்தான் நான் உக்காந்தேன்.

உக்காந்ததும் முதல் வேலையா ஒரு இரும்புக் கேட்டுப் போட்டேன். பூட்டுப் போட்டேன். நாய்கள் ஜாக்கிரதைன்னு போர்டு வச்சேன். நாய் கிடையாது, நாய்க்கு யாரு சோறு போட. கரண்டு பில்லு கோயில் பேருல வந்துக்கிட்டு இருந்துச்சு. ஐயருக்கு எதுக்குச் சிரமம்னு என் பேருக்கு மாத்திக்கிட்டேன். வீட்டு வரியும் அப்படித்தான். கோயில் மேல பாரத்தை ஏத்தக் கூடாது, அது என் கொள்கை.

வருசா வருசம் எங்களுக்கு அறுப்பின் பண்டிகைன்னு ஒண்ணு வரும். அவனவன் தோட்டத்துல விளைஞ்சதுல நல்லதாப் பாத்து எடுத்துக் கோயிலுக்குக் கொண்டு வரணும். ஆராதனை முடிஞ்சதும் அதையெல்லாம் ஏலம் விடுவாவ. என் காணிக்கையை எவனும் மிஞ்ச முடியாது. பங்களாத் தென்னையில நாலு குலை, பங்களாப் புளியில ஒரு மூட்டை, மேளத்தோட வண்டியில வரும். கோயில் மரத்துல காச்சது கோயிலுக்கே போகுது, அதைச் சபையாரே ஏலத்துல எடுக்காவ, அந்தப் பணமும் கோயிலுக்கே. நடுவுல நான் ஒரு பைசா தொட்டேன்னு சொல்லச் சொல்லுங்க பாப்போம். மிச்சக் குலையெல்லாம் என்ன ஆச்சுன்னு ஒருத்தன் கமிட்டியில கேட்டான். மரம் ஏறுத கூலியை உங்க அப்பனா கொடுப்பான்னு கேட்டேன். உக்காந்துட்டான்.

கால் கொஞ்சம் நீட்டிக்கிடுதேன் தம்பி. உங்க பையை மேல கம்பியில வச்சிருங்களேன், எதுக்கு மடியில சுமந்துக்கிட்டு.

அந்தப் பைபிள் அம்மாமார்ல யோவன்னாள் அம்மான்னு ஒருத்தர். ஒல்லியா, குடை ஊன்றிக்கிட்டு வருவாவ. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வெளிய வந்தா வாசல்ல நிப்பாவ. கோவமெல்லாம் கிடையாது. சார், ஓடு மாத்தியாச்சான்னு மட்டும் கேப்பாவ. நானும் பொறுமையாச் சொல்லுவேன், இன்னும் இல்லம்மா, நடந்துக்கிட்டு இருக்குன்னு. வயசான தலை பாருங்க. ஓடு விழுந்து ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா யாரு பதில் சொல்ல? அதனால அந்த ஆபத்தை என் தலைக்கு மேலேயே வச்சுக்கிட்டேன். ஒரு நாளா ரெண்டு நாளா, என் மக சின்னப்பிள்ளையா இருந்ததுல இருந்து அவளுக்குப் பிள்ளை பிறக்குற வரைக்கும். அந்த அம்மா தங்கச்சி மகன் வீட்டுல மாட்டுக் கொட்டகையை ஒதுக்கி இருந்தாவளாம். மாட்டுக் கொட்டகை நல்ல கூரை. ஓடு விழுற பயம் கிடையாது.

இப்படி நல்லாப் போய்க்கிட்டு இருந்த ஊர்ல போன வருசம் புது ஐயர் வந்தாவ. ஜெயசீலன் ஐயர். சின்ன வயசு, மோட்டார் சைக்கிள்ல அங்கி பறக்கப் போவாவ. வந்த வேகத்துலயே, கை விட்டுப் போன ஊழியச் சொத்தையெல்லாம் மீட்டாகணும்னு கமிட்டியில பேசினாவ. முதல்ல கைதட்டினது யாரு தெரியுமா? நான்தான். கோயில் சொத்தைத் தின்னவன் உருப்படுவானான்னு எந்திரிச்சு நின்னு ஒரு பிரசங்கமே வச்சேன்.

அதுக்குப் பெறகு ஒரு நாள் தபால்காரர் ரிஜிஸ்டர் தபால் ஒண்ணு கொண்டு வந்தாரு. மேல விலாசத்தைப் பாத்தா, மிஷன் பங்களாவை ஆக்கிரமித்திருப்பவர் அவர்களுக்குன்னு இருக்கு. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. அப்படி ஒரு ஆளு இங்க கிடையாதுய்யா, நான் காவலுக்கு இருக்கவன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன். மறுபடியும் வந்துச்சு. மறுபடியும் திருப்பினேன். என் சம்சாரம் ஞானப்பூ அடுப்படியில இருந்து வந்து என்னமோ சொல்ல வாயெடுத்தா. உனக்குத் தபாலாபீசு விவகாரம் என்ன தெரியும், போயி ரசத்தைப் பாருன்னு அனுப்பிட்டேன். பெறகு ஐயர்ட்டயே போயிச் சொன்னேன், நம்ம ஆபீசுல எவனோ விலாசம் தெரியாம தபால் போடுதான், கண்டிச்சு வைங்கன்னு. ஐயர் என் மொகத்தையே பாத்தாவ. ரொம்ப நேரம் பாத்தாவ. அப்புறம் தண்ணி குடிக்கப் போறேன்னு உள்ள போனவிய வெளிய வரவே இல்ல.

இங்க ஒரு விசயம் உங்களுக்குப் புரியணும். எங்க கோயில்ல ஜெபத்துல யாரு பேரையும் சொல்லிக் குத்தம் சொல்லக் கூடாது. ஒருத்தன் குடிக்கான்னு வைங்க, அந்தச் சகோதரனின் இருதயத்தைத் தொடும்னு ஜெபிப்போம். மாமியா மருமக சண்டைன்னா, அந்தக் குடும்பத்துக்குச் சமாதானத்தைத் தாரும்னு ஜெபிப்போம். பேர் வராது. ஆனா யாருன்னு கோயில் பூராவுக்கும் தெரியும், சம்பந்தப்பட்டவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருப்பான். எனக்கு இதுல தனித் திறமை. ஜெபம் பாதி போகும்போதே இது இன்னார்னு கண்டுபிடிச்சிருவேன். கண்ணைத் திறந்து அவனை ஒரு பார்வையும் பாத்துக்கிடுவேன்.

அப்படி ஒரு ஞாயித்துக்கிழமை ஜெபத்துல, உம்முடைய சொத்தைப் பிடித்து வைத்திருக்கும் அந்தச் சகோதரனை அசைத்தருளும்னு வந்துச்சு. எனக்கு உடனே அந்தாக்ல பிடிபட்டுட்டு. பரோட்டாக் கடை இசக்கி.

இசக்கி யாருன்னா, பங்களா மதிலை ஒட்டி வெளிப்பக்கம் தகரம் சாத்திக் கடை போட்டிருந்தவன். நான்தான் இடம் கொடுத்தேன். மாசம் பிறந்தா ஏதோ கொடுப்பான், சாயங்காலம் சால்னா அனுப்புவான், அது வேற விசயம். அவன் நம்ம வேதக்காரன் கூட இல்ல. ஆனாலும் ஐயர் பெரிய மனசு பண்ணி அவனையும் சகோதரன்னு சொல்லுதாவளேன்னு எனக்கு உள்ளம் பூரிச்சுட்டு. ஆமென்னு சொன்னேன் பாருங்க, முன் வரிசையில இருந்த பிள்ளை முழிச்சு அழுதுட்டு. கண்ணைத் திறந்து பாத்தா, கோயில் மொத்தமும் கண்ணைத் திறந்து என்னையே பாத்துக்கிட்டு இருக்கு. என் விசுவாசத்தைப் பாக்காவன்னு நினைச்சேன்.

அன்னைக்கே ஐயர் அறிவிப்பு கொடுத்தாவ. வக்கீலும் வேண்டாம், போலீசும் வேண்டாம், பங்களாவைச் சுத்தி எரிகோ ஜெபம் பண்ணப் போறோம்னு. எரிகோ உங்களுக்குத் தெரியாதுல்லா? வேதத்துல வரும். பெரிய மதில் உள்ள பட்டணம். யோசுவா ஜனங்களைக் கூட்டிக்கிட்டு ஆறு நாள், தினம் ஒரு தரம், வாய் பேசாம அதைச் சுத்தி வந்தாரு. ஏழாம் நாள் ஏழு தரம் சுத்தி, எக்காளம் ஊதி, எல்லாரும் சேந்து ஒரு சத்தம் போட்டாவ. மதில் பொலபொலன்னு விழுந்துட்டு. அது மாதிரி நாமளும் சுத்துவோம்னாவ ஐயர்.

சுத்துறதுன்னா வரிசை வேண்டாமா? நம்ம சனங்களுக்குக் கோயில்ல ஊருக்கே போடுற அசன விருந்துக்கே வரிசையில நிக்கத் தெரியாது. நான் எந்திரிச்சு, அணிவகுப்பை நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னேன். ஐயர் திகைச்சுப் போனாவ. சார், யோசிச்சுத்தான் சொல்லுதியளான்னு கேட்டாவ. கோயில் காரியத்துக்கு யோசனை என்னன்னு சொல்லிட்டேன். வீட்டுல போயி பழைய வெள்ளைப் பேண்டையும் கேன்வாஸ் ஷூவையும் எடுத்து வச்சேன். ஞானப்பூ என்னைப் பாத்துக்கிட்டே நின்னா. அவளுக்கும் சந்தோசம்தான்னு நினைச்சேன். அன்னைக்கு ராத்திரி அவ சாப்பிடல.

முதல் நாள் ஜோரா நடந்துச்சு. ஆம்பளைய முன்னால, பொம்பளைய பின்னால, உயரப்படி நிறுத்தினேன். சின்னவங்க குட்டை நடை போடணும், பெரியவங்க கையை வீசணும். பேசக் கூடாதுங்கிறதால விசில் ஊத முடியல, கையாலயே சைகை காட்டினேன். யோவன்னாள் அம்மா குடையை ஊனிக்கிட்டுப் பின்தங்கினாவ. அம்மா, காலை எட்டிப் போடுங்க, சத்துரு பாத்துக்கிட்டு இருக்கான்னு சைகையால சொன்னேன். சரி சார்னு தலையை ஆட்டினாவ.

மூணாம் நாள் விடிஞ்சு பாத்தா இசக்கி கடையைக் காணும். தகரத்தை உருவிக்கிட்டு ராவோட ராவா பஸ் ஸ்டாண்டு பக்கம் போயிட்டான். கேட்டா, இத்தனை பேரு வாயைப் பொத்திக்கிட்டு என் கடையைச் சுத்தினா யாவாரம் எப்படி ஓடும், எனக்குப் பயமா இருக்கு சார்னான். எனக்குப் புல்லரிச்சுட்டு. ஓடிப்போயி ஐயர்ட்ட, ஜெயம் வந்துட்டு ஐயரே, சத்துரு ஓடிட்டான், நிப்பாட்டிருவோமான்னு கேட்டேன். ஐயர் மெதுவாச் சொன்னாவ, இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு சார்னு. நான் திரும்பிப் போயி மதிலைச் சுத்திப் பாத்தேன். ஆமா, இசக்கியோட பெஞ்சு ஒண்ணு கிடந்துச்சு. அதையும் தூக்கி அவன்கிட்டப் போட்டுட்டு வந்தேன். அப்பவும் சுத்துதாவ. ஐயர் எதையும் அரைகுறையா விட மாட்டாவ போலன்னு விட்டுட்டேன்.

தண்ணி வச்சிருக்கியளா தம்பி? ஒரு மடக்கு... ஆங். தீந்துட்டு. பரவாயில்ல, வழியில வாங்கிக்கிடுவிய.

ஆறாம் நாள்தான் முக்கியம். சுத்தி முடிச்சதும் தினம் ஒருத்தர் கேட்டு முன்னால நின்னு ஜெபிக்கணும். அன்னைக்கு ஐயர் என்னைப் பாத்து, சார், இன்னைக்கு நீங்க ஜெபிக்கியளான்னு கேட்டாவ. கேக்கும்போது குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. நான் ஷூவைக் கழத்தினேன். முழங்கால் போட்டேன். கையை விரிச்சேன்.

"ஆண்டவரே, உம்முடைய ஊழியக்காரிகள் தங்க வேண்டிய வீட்டைப் பிடித்துக்கொண்டு, உம்முடைய தோட்டத்தின் கனியைத் தின்று கொழுத்த அந்த மனுஷனைப் பாரும். நாளைக்குப் பொழுது சாயுமுன்னே அவன் சட்டி பானையோடு தெருவில் நிற்கக்கடவன். இந்த ஊரில் ஒருவனும் அவனுக்கு வீடு கொடாதிருப்பானாக."

சொந்தமா வந்த வார்த்தை தம்பி. தாளைப் பாத்துப் படிச்சது இல்ல. முடிச்சதும் கூட்டம் மொத்தமும் சேந்து ஒரு ஆமென் சொல்லிச்சு பாருங்க. பங்களாப் புளியில இருந்த காக்கா பூரா எந்திரிச்சுப் பறந்துட்டு. பொம்பளையள் வரிசையில கடைசியில இருந்து ஒரு ஆமென் தனியாக் கேட்டுச்சு. திரும்பிப் பாத்தா ஞானப்பூ. கோயில்ல பாட்டுக்குக் கூட வாயைத் திறக்காதவ. ஐயர் ஓடி வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாவ. கண்ணுல தண்ணி. உங்க வாயால இது வரும்னு நான் நினைக்கவே இல்ல சார், என்னை மன்னிச்சிருங்கன்னாவ. நானும் பெருந்தன்மையா, இருக்கட்டும் ஐயரேன்னு முதுகுல தட்டிக் கொடுத்தேன். எதுக்கு மன்னிப்புன்னு எனக்கு அப்ப விளங்கல.

ஏழாம் நாள் பொங்கிப் பொங்கி வந்துச்சு சனம். பள்ளிக்கூடப் பேண்டு செட்டுல இருந்து எக்காளம் கொண்டு வந்திருந்தாவ. ஏழு சுத்தும் சுத்தினோம். கடைசியில நான் கையை இறக்கினேன், எக்காளம் ஊதிச்சு, எல்லாரும் தொண்டை கிழியக் கத்தினோம். மதில் விழல. விழுமா, சுண்ணாம்பு அரைச்சுக் கட்டினது. ஒரு காரை உதிரல. எல்லாரும் என்னைப் பாக்காவ. ஐயர் பக்கத்துல வந்து, "சார், இனி உங்க கையிலதான் இருக்கு"ன்னாவ.

சரி, வெயில்ல சுத்தின சனத்துக்கு ஒரு வாய் காப்பி கொடுக்கச் சொல்லுதாவன்னு நினைச்சேன். சாவியை எடுத்தேன். நானே, என் கையாலயே, கேட்டைத் தம்பட்டம் அடிக்காத குறையா அகலத் திறந்து, வாங்க வாங்க எல்லாரும் உள்ள வாங்கன்னு கூப்பிட்டேன்.

சனம் அழுதுக்கிட்டே உள்ள வருது. எனக்குப் புரியல. ஞானப்பூவைக் காப்பி போடச் சொல்லத் திரும்பினா, அவ அண்டா நிறையக் காப்பி போட்டு ஆத்திக்கிட்டு நிக்கா. எப்பப் போட்டான்னு தெரியல. சமத்துன்னு நினைச்சேன். வாலிபப் பயலுவ நாலு பேரு என் பீரோவைத் தூக்குதானுவ. ஜெபக்கூட்டம் நடத்த இடம் ஒதுக்குதானுவ போலன்னு, கண்ணாடி பத்திரம்லேன்னு கூடவே போனேன். அப்ப வாசல்ல ஒரு வேன் வந்து நின்னுச்சு. டிரங்குப் பெட்டி, பாய், தலகாணியோட அம்மாமார் இறங்குதாவ. முன்னால யோவன்னாள் அம்மா. நேரா என்கிட்ட வந்து கேட்டாவ.

"சார், ஓடு மாத்தியாச்சா?"

ஊர் மொத்தமும் நிக்குது. என்ன சொல்லச் சொல்லுதிய? இன்னும் இல்லன்னு சொல்லலாம்னா, போன கிறிஸ்துமசுக்குத்தான் கோயில்ல நின்னு சாட்சி சொல்லியிருக்கேன், பங்களாவுக்குச் சொந்தக் காசைப் போட்டு ஒரு ஓடு விடாம மாத்தி ஊழியம் செஞ்சேன்னு. எல்லாரும் மேல ஓட்டைப் பாத்தாவ, என்னைப் பாத்தாவ.

"மாத்தியாச்சும்மா"ன்னேன்.

ஸ்தோத்திரம்னு சொல்லிட்டு அந்த அம்மா உள்ள போயிட்டாவ. எந்த அறைன்னு கேக்கக்கூட இல்ல. நேரா கிழக்கு அறைக்குப் போயி பெட்டியை வச்சாவ. என் அறை அது.

அப்பத்தான் தம்பி எனக்கு மெதுவா விளங்க ஆரம்பிச்சுச்சு. பொழுது சாயும்போது என் சட்டி பானை தெருவுல இருந்துச்சு.

நீங்க செத்த எந்திரிச்சு அந்தக் கம்பியைப் பிடிச்சு நின்னுக்கிடுதியளா? மரியாதைக்குச் சொல்லல, நின்னா காத்து நல்லா வரும். எனக்குச் சரிஞ்சு உக்காந்தாத்தான் முதுகு கேக்கும். ஆங், நல்ல பிள்ளை.

வக்கீலைப் பாக்காம இருப்பேனா? மறுநாளே போனேன். பூட்டை உடைச்சாங்களான்னு கேட்டாரு. இல்ல, நான்தான் திறந்தேன்னேன். பலாத்காரமா நுழைஞ்சாங்களான்னாரு. நான்தான் வாங்கன்னேன்னேன். காலி பண்ணணும்னு யாராவது மிரட்டினாங்களான்னாரு. ஜெபம் பண்ணினாவன்னேன். நீங்க ஆட்சேபிக்கலையான்னாரு. ஆமென்னு சொன்னேன்னேன். ஃபீசு வேண்டாம், எந்திரிச்சுப் போங்கன்னாரு.

சரி, ஊர்லயே ஒரு வாடகை வீடு பாப்போம்னு அலைஞ்சேன். வீடு காலியா இருக்கு, ஆனா எவனும் தர மாட்டேங்கான். என்கிட்டப் படிச்ச பயலுவ, சார் சார்னு கையைக் கட்டி நிக்கவனுவ. கேட்டா, தரலாம் சார், ஆனா உங்க ஜெபத்துக்கு நாங்க ஆமென் சொல்லிட்டோமேங்கானுவ. தேவ சமூகத்துல சொன்ன வார்த்தையை மீற முடியாதாம். வாங்கின கடனைத் திருப்பிக் கொடுக்க மாட்டானுவ, இதுல மட்டும் எம்புட்டுப் பக்தி பாருங்க. கடைசியில இசக்கிதான் கடைக்குள்ள அந்தப் பெஞ்சைப் போட்டுப் படுக்கச் சொன்னான். அவன் ஆமென் சொல்லலையாம், அதனால கொடுக்கலாமாம்.

இதெல்லாம் கூட நான் பொறுத்துக்கிடுவேன். இது என்ன, ஊர் செஞ்சது. ஊர் எப்பவும் அப்படித்தான். எனக்கு ஆறாதது வேற.

ஞானப்பூ என் கூட வரல.

அன்னைக்குச் சாமானை வெளிய வைக்கும்போதே அவ அண்டாவைக் கழுவிக்கிட்டு உள்ளேயே நின்னா. பின்னால வருவான்னு நினைச்சேன். மறுநாளும் வரல. மக போன் பண்ணினதும், சரி ரெண்டு பேருமா தூத்துக்குடி போயிருவோம்னு கூப்பிடப் போனேன். நான் போட்ட கேட்டுத் தம்பி, நான் கிடையாக் கிடந்து வெல்டிங் பண்ண வச்ச கேட்டு. அதுக்கு வெளிய நின்னு கூப்பிடுதேன். ஆம்பளைய உள்ள வரக் கூடாதாம், இப்ப அது பொம்பளைய இருக்கிற இடமாம். கையெல்லாம் மாவோட வந்தா. சிரிச்ச மொகமா இருந்தா. கோயில்ல நாலு பொம்பளைய கூடிப் பேசினா விலகி ஓரமாப் போயி நிக்கவ, அன்னைக்கு உள்ள திரும்பி, யோவன்னாள் அக்கா, அந்த அடுப்பைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்கன்னு சத்தமாச் சொல்லிட்டு வந்தா. இந்தா, கிளம்பு, துணிமணியை எடுத்து வைன்னேன்.

"நான் வரல. இங்க சமையலுக்கு ஆள் வேணும்னு ஐயர் கேட்டாவ, இருக்கேன்னு சொல்லிட்டேன்"னா.

புருசன் தெருவுல நிக்கேன், உனக்குக் கூலிச் சமையல் கேக்குதான்னு சத்தம் போட்டேன். அவ பதிலுக்குச் சத்தம் போடல. கையில ஒட்டின மாவை உருட்டி எடுத்துக்கிட்டே சொன்னா.

"இத்தனை வருசமும் இந்தக் கேட்டுல யாரு கை வச்சாலும் கையில உள்ளதைப் போட்டுட்டு எந்திரிச்சிருவேன். கேக்க வந்துட்டாவன்னு நினைப்பேன். தபால்காரர் வந்தாலும் அப்படித்தான், பால்காரி வந்தாலும் அப்படித்தான். ஒரு நாள் கூட நான் முழுசா உறங்கினது கிடையாது. உங்ககிட்டச் சொல்ல வந்தா ரசத்தைப் பாக்கச் சொல்லுவிய. இப்ப அடுப்படியிலதான் பாயைப் போட்டுப் படுக்கேன். படுத்தா விடியக் கோழி கூப்பிடுறது கூடத் தெரியல."

சொல்லிட்டு உள்ள போயிட்டா. நானும் அன்னையில இருந்து யோசிக்கேன், கணக்கு உதைக்குது. நீங்க படிச்ச பிள்ளை, நீங்களாவது சொல்லுங்க. அதே வீடு, அதே அடுப்படி. அப்பக் கேட்டை நான் பூட்டி வச்சிருந்தேன், பகல்ல கூடத் திறக்க விட மாட்டேன், எல்லாத்துக்கும் மேல பக்கத்துலயே நான் படுத்திருந்தேன். இப்பப் பூட்டும் கிடையாது, நானும் கிடையாது. அவளுக்கு எப்படித் தம்பி உறக்கம் வருது?